நூலகவியல் மாணவர்களே, முதலில் ஒரு கிளை நூலகத்தைப் பிடியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் 12 வந்தால் இந்திய நூலகவியலின் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதன் பிறந்தநாள், நூலகர் தினம் என்று உங்கள் பத்திரிகையில் ஆண்டுதோறும் படத்தோடு செய்தி வருகிறது. படத்துக்கு மாலை, ஒரு கருத்தரங்கு, கடைசியில் சான்றிதழ். சரி, அது நடக்கட்டும். நான் எழுத வந்தது அந்த மேடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் மாணவர்களைப் பற்றி.

எங்கள் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நூலகவியல் படிக்கும் பிள்ளைகள் சிலர், சிறுவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் நூலகராக வேலை பார்க்க வேண்டும் என்ற ஆசையில் ஒரு குழு தொடங்கியிருக்கிறார்கள். கேட்கவே சந்தோஷமாக இருந்தது, ஏனென்றால் என் காலத்தில் இந்தப் படிப்புக்கு வந்தவர்களில் பாதிப் பேர் வேறு எதுவும் கிடைக்காமல் வந்தவர்கள். ஓய்வுபெற்ற நூலகர் என்பதால் இந்த ஆண்டு நடவடிக்கைகளை எழுதிய தாளை என்னிடம் காட்டி யோசனை கேட்டார்கள். இணையவழிக் கருத்தரங்கு, சிறப்பு விருந்தினர் உரை, சுவரொட்டிப் போட்டி, சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு ஒருநாள் பயணம், நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வார விழா, குழுவுக்கு ஒரு சின்னம், அது போட்ட டி-ஷர்ட். தாள் நிறைய இருந்தது, ஆனால் அதில் ஒரு குழந்தைகூட இல்லை. இது அந்தப் பிள்ளைகளின் குறை அல்ல, மாணவர் மன்றம் என்றாலே இப்படித்தான் என்று நாம்தான் பழக்கி வைத்திருக்கிறோம். தமிழ்நாட்டில் வேறு கல்லூரிகளிலும் இதேபோன்ற குழுக்கள் இருக்கும், இனியும் தொடங்குவார்கள், அவர்களுக்கும் போய்ச் சேரட்டும் என்றுதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

உரை கேட்பதற்கு வகுப்பு இருக்கிறது. நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் பகுப்பாக்கம், பட்டியலாக்கம் எல்லாம் பாடத்திட்டத்திலேயே வந்துவிடும். பாடத்திட்டத்தில் வராதது ஒன்றுதான், எதிரே வந்து நிற்கிற பதினோரு வயதுப் பெண் “எனக்குப் பிடிச்ச மாதிரி புக் குடுங்க” என்று கேட்டால் என்ன எடுத்துக் கொடுப்பது. அதைக் கற்றுக்கொள்ள நூலகத்துக்குள் நிற்க வேண்டும், அதுவும் திரும்பத் திரும்ப ஒரே நூலகத்தில். அதனால் என் யோசனை சின்னது. ஊரில் ஒரே ஒரு கிளை நூலகத்தைப் பிடியுங்கள். வாரம் ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம். கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை, ஞாயிறு திறந்திருக்கும், பள்ளிப் பிள்ளைகளுக்கும் விடுமுறை, உங்களுக்கும் கல்லூரி இல்லை. ஐந்து ஊரில் ஐந்து முகாம் நடத்தி ஐந்து படம் எடுத்துப் போடுவதைவிட இதில் கற்றுக்கொள்வது அதிகம், செலவும் குறைவு.

போவதற்கு முன் துறைத் தலைவர் வழியாக மாவட்ட நூலக அலுவலருக்கு முறையாகக் கடிதம் கொடுங்கள். வாய்மொழியில் “வாங்க வாங்க” என்பார்கள், பிறகு மேலிடத்திலிருந்து ஒரு கேள்வி வந்தால் அந்தக் கிளை நூலகர் மாட்டிக்கொள்வார். இன்னொன்று, பல கிளை நூலகங்களில் நூலகர் ஒரே ஆள்தான். கதவைத் திறப்பது, நாளிதழ் அடுக்குவது, நூல் இரவல் கொடுப்பது, கணக்கு எழுதுவது, கூட்டுவது வரை அவரே. அங்கே போய் ஆய்வுக்கு வந்த அதிகாரி மாதிரி சிறுவர் பகுதி எங்கே, இருக்கை ஏன் உயரமாக இருக்கிறது என்று கேட்டால் அடுத்த வாரம் டீகூட வராது. முதல் மாதம் அவர் சுமையில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளுங்கள். இரவல் தேதி குறிக்க நூலுக்குள் இருக்கும் தேதிச் சீட்டு கிழிந்திருந்தால் புதிது ஒட்டுவது, தாறுமாறாகக் கிடக்கும் சிறுவர் நூல்களை அடுக்குவது, முதுகு பிய்ந்ததைத் தைக்கக் கொடுப்பது. அந்த வேலை செய்யும்போதே கவனிக்கவும் செய்யலாம். எந்தப் புத்தகத்தின் தேதிச் சீட்டு நிரம்பி வழிகிறது, எது வாங்கிய நாளிலிருந்து வெறுமையாக இருக்கிறது, பிள்ளைகள் உள்ளே வந்ததும் எந்தப் பக்கம் போகிறார்கள், எத்தனை நிமிடம் நிற்கிறார்கள், யார் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். பேப்பர் படிக்கும் பெரியவர் ஒருவர் “சத்தம் போடாதே” என்று அதட்டிய அதட்டலில் ஓடிப்போன பையன்கள் எத்தனை பேர் என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தாலே உங்களுக்கு இரண்டாம் பருவத்தின் ஆய்வேடு பாதி முடிந்த மாதிரி.

கவனிக்கத் தொடங்கினால் ஒரு விஷயம் சீக்கிரமே கண்ணில் படும். பெரும்பாலான நூலகங்களில் சின்னக் குழந்தைகளுக்கு ஒரு மூலை உண்டு, சுவரில் பொம்மை வரைந்திருப்பார்கள், தாழ்வான மேசை போட்டிருப்பார்கள். அந்தப் பக்கம் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற அண்ணன்களும் அக்காக்களும், டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பு வந்துவிட்டால் நாற்காலிக்கு இடம் பிடிக்கக் காலையிலேயே பையைப் போட்டுவிட்டுப் போவார்கள். நடுவில் எட்டாவது முதல் பிளஸ் டூ வரை படிக்கிற பிள்ளை எங்கே உட்காருவது? சிறுவர் மேசையில் முழங்கால் இடிக்கிறது, அந்தப் பக்கம் போனால் அண்ணன் முறைக்கிறார். பன்னிரண்டு வயதில் நூலகத்தை விட்டுப் போகிற பிள்ளை இருபத்திரண்டு வயதில் குரூப் 4 கையேட்டோடு திரும்பி வருகிறது. இந்தப் பத்து ஆண்டு இடைவெளிதான் நம் பொது நூலகங்களில் பெரிய ஓட்டை என்பது என் கருத்து, இந்தக் குழுக்கள் கைவைக்க வேண்டிய இடமும் அதுதான்.

வெளியே இதைத் தனி வேலையாகவே வைத்திருக்கிறார்கள். அமெரிக்க நூலகச் சங்கத்துக்குள் குழந்தைகளுக்கு ஒரு பிரிவும் 12 முதல் 18 வயதினருக்கு வேறொரு பிரிவும் இருக்கின்றன, இந்த இரண்டாவது 1957இலிருந்து இயங்குகிறது. சர்வதேச நூலகச் சங்கக் கூட்டமைப்பு 2018இல் வெளியிட்ட சிறுவர் நூலக வழிகாட்டுதல் பிறந்த குழந்தையிலிருந்து 18 வயது வரை எல்லாரையும் கணக்கில் எடுக்கிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், குழுவில் ஆளுக்கு ஒரு பகுதி பிரித்துப் படிக்கலாம், ஒரு விருந்தினர் உரைக்கு ஆகும் சால்வைச் செலவு மிச்சம்.

வளர்ந்த பிள்ளைகளிடம் “குட்டீஸ்” என்று ஆரம்பித்தால் அன்றோடு சரி. கதை சொல்லுதல், வண்ணம் தீட்டுதல் எல்லாம் அவர்களுக்கு வேண்டாம். அவர்களைக் கூப்பிட்டு, இந்த ஒரு ரேக் உங்களுடையது, இதில் என்ன வைக்கலாம் சொல்லுங்கள் என்று கேளுங்கள். பேய்க்கதை கேட்பார்கள், கிரிக்கெட் கேட்பார்கள், காமிக்ஸ் கேட்பார்கள், பைக் மெக்கானிசம் கேட்பார்கள், சமையல் கேட்கிற பையன்கூட உண்டு. முகம் சுளிக்காமல் இருக்கிற நூல்களிலிருந்து தேடி எடுத்து அந்த ரேக்கில் அட்டை தெரிகிற மாதிரி வையுங்கள், முதுகைக் காட்டி அடுக்கினால் யாரும் தொடமாட்டார்கள். நூலகத்தில் இல்லாததை ஒரு பட்டியலாக எழுதி, நூலகத்துக்குத் துணையாக இருக்கும் உள்ளூர் வாசகர்களின் குழுவான வாசகர் வட்டத்திடம் கொடுக்கலாம். ஆயிரம் ரூபாய் கட்டி நூலகப் புரவலர் ஆகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், அவர்களிடம் பொதுவாக நன்கொடை கேட்பதைவிட “ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இந்தப் பத்துப் புத்தகத்தைக் கேட்கிறார்கள்” என்று பட்டியலோடு போனால் மறுக்க மனசு வராது.

கையெழுத்துப் பத்திரிகை நடத்தச் சொல்லுங்கள். நம் ஊரில் அதற்கு நல்ல பழக்கம் இருந்தது, இப்போது விட்டுப்போய்விட்டது. ஒரே பிரதி, நூலக மேசையில் கிடக்கும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். படித்த புத்தகத்தைப் பற்றித் திட்டி எழுதவும் உரிமை கொடுங்கள், “இந்நூல் மிகவும் பயனுள்ளதாக இருந்தது” என்ற வாக்கியத்துக்கு மட்டும் தடை. அப்புறம் ஒரு கேள்விப் பெட்டி. பெயர் எழுதாமல் கேள்வி போடலாம், அடுத்த வாரம் எந்தப் புத்தகத்தில் பதில் இருக்கிறது என்று பக்கத்தோடு எழுதி ஒட்டுங்கள். பிளஸ் டூவுக்குப் பிறகு என்ன படிக்கலாம், கல்விக்கடன் எப்படி வாங்குவது, முகப்பரு ஏன் வருகிறது என்பதிலிருந்து வீட்டில் கேட்க முடியாத கேள்விகள் வரை வரும். ஒரு நூலக மாணவருக்கு, கேட்ட கேள்விக்கு நூலில் பதில் தேடித் தரும் குறிப்புதவிச் சேவையில் இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. ஒன்று மட்டும் கறாராக இருக்க வேண்டும், எந்தப் பிள்ளை என்ன புத்தகம் எடுத்தது, என்ன கேட்டது என்று அப்பா அம்மாவிடமோ வாத்தியாரிடமோ சொல்லக் கூடாது.

சின்னக் குழந்தைகளை விட்டுவிடச் சொல்லவில்லை, தம்பி தங்கையையும் கூட்டிக்கொண்டுதான் வருவார்கள். அவர்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். கதை சொல்வது வேறு, வாசித்துக் காட்டுவது வேறு. படத்தைக் குழந்தைகள் பக்கம் திருப்பிப் பிடித்து, பக்கத்தைத் திருப்புவதற்கு முன் கொஞ்சம் நிறுத்தி, எழுதியிருப்பதை எழுதியபடி வாசிப்பது ஒரு தனி வித்தை, வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பழகிவிட்டுத்தான் போக வேண்டும். புத்தகத்துக்குப் பஞ்சம் இல்லை. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிறைய இருக்கின்றன, திறந்த உரிமத்தில் இருப்பதால் அச்செடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலையில் சின்னச் சின்னப் புத்தகங்களைக் கொடுத்திருக்கிறது, அந்தப் பிரிப்பைப் பார்த்து எந்தப் பிள்ளைக்கு எது என்று பழகலாம். வாசித்து முடித்ததும் “இந்தக் கதையில் இருந்து என்ன தெரிந்துகொண்டோம்?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்டுக் கேட்டுத்தான் கதை என்றாலே எழுந்து ஓடுகிறார்கள். தமிழ் எழுத்துக்கூட்டத் தெரியாத ஆங்கில வழிப் பிள்ளைகள் வருவார்கள், அவர்களைக் கேலி செய்யாமல் பக்கத்தில் உட்காரவைத்து இரண்டு பேராக வாசிக்க விடுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தை யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை, அதனால் நான் எழுதுகிறேன். எந்த மாணவரும் ஒரு குழந்தையோடு தனியாக ஒரு அறையில் இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பேர், கதவு திறந்திருக்க வேண்டும். பிள்ளைகளின் செல்பேசி எண்ணை வாங்கிக் குழு தொடங்கக் கூடாது. பெற்றோர் எழுத்தில் சம்மதம் தராமல் முகம் தெரியும் படம் எதையும் ஸ்டேட்டஸில் போடக் கூடாது, நீங்கள் என்ன நல்ல எண்ணத்தில் போட்டாலும். ஒரு குழந்தை வீட்டில் அடி, பசி, வேறு தொந்தரவு என்று ஏதாவது சொன்னால் நீங்களே துப்பறியப் போகாமல் நூலகரிடமும் பொறுப்பாசிரியரிடமும் சொல்லுங்கள், 1098 என்ற குழந்தைகள் உதவி எண் எல்லாருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012 பற்றி ஒரு வழக்கறிஞரையோ குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரையோ அழைத்துப் பேசச் சொல்லுங்கள். விருந்தினர் உரை வேண்டும் என்று ஆசைப்பட்டால் அது இந்த உரையாக இருக்கட்டும்.

ரங்கநாதனைப் பற்றிச் சொல்லாமல் நூலகர் கடிதம் முடியாது. கணக்கு வாத்தியாராக இருந்தவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆகி, பயிற்சிக்கு லண்டன் போனார். அங்கே அவர் குரோய்டன் பொது நூலகத்தில் பழகிய மூத்த நூலகர் சேயர்ஸ், குழந்தைகள் நூலகத்தைப் பற்றித் தனியாகவே எழுதியவர். நாம் ரங்கநாதனின் ஐந்து விதிகளைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்ற இரண்டாவது விதி பதினான்கு வயதுப் பையனுக்கும் சேர்த்துத்தான். அந்த விதிகள் நூலாக வந்த அதே 1931இல், எங்கள் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை அமைத்த மாட்டுவண்டி நூலகத்தை அவரே வந்து தொடங்கி வைத்தார். ஊர் ஊராகப் புத்தகம் ஏற்றிக்கொண்டு போன வண்டி அது. நூலகத்துக்கு வர முடியாதவரிடம் நூலகம் போக வேண்டும் என்பதை இந்த மண்ணில் யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

அப்படி வர முடியாத பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். பெரிய மனுஷி ஆனதும் “நூலகத்துக்கெல்லாம் எதுக்கு” என்று நிறுத்தப்பட்ட பெண்கள், செங்கல் சூளையில் பெற்றோரோடு தங்கியிருக்கிற குழந்தைகள், பார்வை இல்லாத பிள்ளைகள். அரசின் நூலக நண்பர்கள் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தால் நூல்களை வீட்டுக்கே எடுத்துப் போகலாம், பெண்கள் குழுவில் இருந்தால் வீட்டில் நம்பி உள்ளே விடுவார்கள். சென்னைப் பயணத்தை ரத்து செய்ய வேண்டாம், போங்கள், ஆனால் சிறுவர் பகுதியில் இருக்கும் அந்தப் பெரிய செயற்கை மரத்தின் கீழ் படம் எடுத்துக்கொண்டு திரும்பாமல் பிரெய்ல் பிரிவில் அரை நாள் உட்கார்ந்து, அங்கே நூல் எப்படித் தயாராகிறது, எப்படிக் கேட்டு வாங்கலாம் என்று தெரிந்துகொண்டு வாருங்கள்.

நாட்காட்டியைப் பள்ளியை வைத்துப் போடுங்கள், கல்லூரியை வைத்துப் போடாதீர்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது உறுப்பினர் சேர்க்கை. செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, அந்த இரண்டு வாரங்கள் எந்த நிகழ்ச்சியும் வேண்டாம், படிக்க அமைதியான இடமும் குடிக்கத் தண்ணீரும் இருந்தால் போதும். மார்ச்சில் பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகள் கண்ணிலேயே படமாட்டார்கள். ஏப்ரல், மே கோடை விடுமுறைதான் அறுவடைக் காலம், சரியாக அப்போதுதான் உங்களுக்குப் பருவத் தேர்வு, அப்புறம் ஆளாளுக்கு ஊருக்குப் போய்விடுவீர்கள். பல குழுக்கள் செத்துப்போவது இந்த இடத்தில்தான். அதனால் கோடைக்கு உள்ளூர் மாணவர்களை மட்டும் கொண்டு ஒரு தனி அணி ஜனவரியிலேயே முடிவாகிவிட வேண்டும். முதுகலை இரண்டே ஆண்டுதான், இரண்டாம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவரும் முதலாம் ஆண்டில் ஒருவரைக் கூடவே வைத்துக்கொண்டு போகட்டும். பிள்ளைகளுக்கு முகம் பழக வேண்டும், ஜூலையில் திடீரென்று எல்லா அக்காவும் புதுசாக இருந்தால் வரமாட்டார்கள்.

குழுக் கூட்டத்தையும் உருப்படியாக நடத்தலாம். மாதம் ஒருமுறை, கல்லூரி முடிந்து ஒரு மணி நேரம். வரும்போது ஆளுக்கு மூன்று சிறுவர் நூல் படித்துவிட்டு வர வேண்டும், எந்த வயதுக்கு, எந்த மாதிரிப் பிள்ளைக்குப் பிடிக்கும் என்று ஐந்து வரி எழுதிக்கொண்டு. வருத்தமான உண்மை என்னவென்றால் சிறுவர் நூலகர் ஆக ஆசைப்படுகிற பலர் சின்ன வயதில் படித்ததற்குப் பிறகு ஒரு சிறுவர் நூலைக்கூடத் திறந்ததில்லை. அந்த ஐந்து வரிகளைச் சேர்த்து வைத்தால் ஒரு ஆண்டில் எந்தக் கிளை நூலகரும் கேட்டு வாங்கிக்கொள்கிற பட்டியல் கிடைக்கும்.

வேலை கிடைக்குமா என்று கேட்டார்கள். பொது நூலகத் துறையில் சிறுவர் நூலகர் என்று தனிப் பதவி வரிசை கிடையாது, அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. சி.பி.எஸ்.இ. பள்ளிகள் நூலகர் வைத்திருக்க வேண்டும், கேந்திரிய வித்யாலயாக்களில் நூலகர் பணியிடம் இருக்கிறது, நல்ல தனியார் பள்ளிகள் சிலவற்றில் கதை வாசிக்கத் தெரிந்த நூலகரைத் தேடுகிறார்கள். நேர்காணலில் கருத்தரங்குச் சான்றிதழ் எல்லாரும்தான் நீட்டுவார்கள். ஒரே நூலகத்தில் ஒரு ஆண்டு பிள்ளைகளோடு இருந்தேன், இதோ என் நோட்டு என்று சொல்கிற ஆள் அபூர்வம்.

கடைசியாக மாவட்ட நூலக அலுவலர்களுக்கு உங்கள் வழியாக ஒரு வேண்டுகோள். 1948இலேயே பொது நூலகச் சட்டம் போட்ட மாநிலம் இது, சொத்து வரியோடு நூலக வரியும் கட்டிக்கொண்டிருக்கிற மக்கள் இவர்கள். மாணவர்கள் கொடுக்கிற கடிதத்துக்கு அந்தப் பருவம் முடிவதற்குள் ஒரு பதில் அனுப்புங்கள். பல மாணவர் குழுக்களின் முதல் ஆண்டு, கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்பதிலேயே போய்விடுகிறது. ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் கூடுதலாக ஒரு மேசை போட்டுக்கொள்ள அனுமதி, பிள்ளைகள் பேசினால் புகார் வராமல் பார்த்துக்கொள்ள நூலகருக்கு ஒரு வரி உத்தரவு, இந்த இரண்டும் கிடைத்தால் போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிளை நூலகர் ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்.